எரித்த ஏடு: ரங்கூன் தையல் தொழிற்சாலைச் சங்கச் செயலாளர் ஒருவரின் கதை, 2021 முதல் 2023 வரை

முன்குறிப்பு

இதில் யாருக்கும் பெயர் இல்லை. ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களில் சிலவற்றை விட்டுவிட்டேன், சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எடுத்த முடிவுகளும் அவற்றின் விளைவுகளும் நடந்தபடியே இருக்கின்றன. செயலாளரிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினார். ஒரு இடத்தில், "அதை எழுதாதே தம்பி" என்றார். எழுதவில்லை.

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். லைங் தாயாவில் தொழிலாளர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது, சங்கத்தின் வரவு செலவைப் பார்த்துக் கொடுப்பது எல்லாம் வேலை முடிந்த பிறகு செய்துவந்தேன். செயலாளருக்கு உதவிய நான்கு பேரில் நானும் ஒருவன். ஆகவே இது வெளியாள் எழுதும் ஆய்வு கிடையாது. எங்கள் தவறுகளும் இதில் இருக்கின்றன.

பின்னணி

லைங் தாயா, ரங்கூனுக்கு மேற்கே லைங் ஆற்றின் அக்கரை. 2008 நர்கிஸ் புயலுக்குப் பிறகு ஐராவதி டெல்டாவில் நிலமும் வீடும் இழந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து குடியேறிய இடம். தையல் தொழிற்சாலைகள் வரிசையாக இருக்கும். வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் தமிழர்கள் மிகச் சிலர். எங்கள் தொழிற்சாலையில் சுமார் 900 பேர் குளிர்கால ஜாக்கெட் தைத்தார்கள். தமிழ் பேசுகிறவர்கள் ஆறு பேர்.

செயலாளர் அந்த ஆறு பேரில் ஒருவர். 2021 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்பின்போது வயது 34. அம்மா தன்லின் பக்கத்துத் தமிழ் கிராமத்தில். கணவர் லாரி மெக்கானிக். ஒரு மகள், அப்போது ஒன்பது வயது. வீட்டில் கூப்பிடுவது தமிழ்ப் பெயர். அடையாள அட்டையிலும் தொழிற்சாலையிலும் பர்மியப் பெயர். எங்கள் சனத்தில் பாதிப்பேருக்கு இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் வைக்கும் பெயர் ஒன்று, மாரியம்மன் கோயிலில் வைக்கும் பெயர் ஒன்று. இது பின்னால் எவ்வளவு உதவும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

அவருடைய அட்டையின் நிறம் பச்சை. 1982 குடியுரிமைச் சட்டப்படி முழுக் குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு, இணைக் குடிமக்களுக்கு நீலம், குடியுரிமை வழங்கப்பட்டவர்களுக்குப் பச்சை. அரசுக்கு விசுவாசமில்லை என்று சொல்லிப் பச்சை அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. சக தொழிலாளிக்குச் சிறை என்றால், இவருக்குச் சிறையோடு நாடும் போகலாம்.

அம்மாவுக்குச் சங்கம் என்ற சொல்லே பிடிக்காது. குடும்பத்தில் அந்தப் பயம் பழையது. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்ய, அவர்கள் இடத்துக்குப் பர்மியர்களை எடுத்து, பேச்சு முடிந்ததும் அந்தப் பர்மியர்களை வீட்டுக்கு அனுப்ப, ஊர் இரண்டுபட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள். அந்தக் கதையைத் தாத்தா சொல்லி அம்மா வளர்ந்தார். அப்புறம் 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சிக்கு வந்தார். 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டதும் வியாபாரம் செய்த தமிழர்கள் கப்பலேறினார்கள். இவர்களிடம் எடுத்துக்கொள்ளக் கடை இல்லாததால் இங்கேயே இருந்தார்கள். "வாயைத் திறந்தவன் கப்பலேறினான், மூடினவன் சோறு தின்றான்" என்பார் அந்த அம்மா. எங்கள் சனத்தின் அரசியல் அறிவு முழுவதும் அந்த ஒரு வரிதான் என்று எனக்கு ஒரு காலத்தில் கோபம் இருந்தது. இப்போது அவ்வளவு கோபம் இல்லை.

1962க்குப் பிறகு அரை நூற்றாண்டு சுதந்திரமான சங்கமே நாட்டில் கிடையாது. 2011 சட்டம் வந்தபிறகுதான் பதிவு செய்ய முடிந்தது. குறைந்தது 30 பேர் வேண்டும், பத்தில் ஒரு பங்குத் தொழிலாளர்களின் ஆதரவும் வேண்டும். எங்கள் சங்கம் 2017இல் 96 கையெழுத்துகளோடு பதிவானது. அந்த 96 பெயர்களும் அட்டை எண்களோடு டவுன்ஷிப் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போயின. 2021 தொடக்கத்தில் உறுப்பினர்கள் 412 பேர். மாதச் சந்தா 500 கியாட். அப்போது குறைந்தபட்சக் கூலி எட்டு மணி நேரத்துக்கு 4,800 கியாட்.

அந்த 412 பேரும் ஒரே ஏட்டில் இருந்தார்கள். சிவப்பு அட்டை போட்ட நீளக் கணக்கு ஏடு. பெயர், அட்டை எண், எந்த லைன், வேலைக்குச் சேர்ந்த மாதம், சந்தா கட்டிய மாதங்கள், எழுதத் தெரியாதவர்களுக்கு ஊதா மையில் கைரேகை. பத்தி பிரித்துக் கோடு போட்டுக் கொடுத்தவன் நான். நல்ல கணக்கு ஏடு என்று பெருமையாக இருந்தது.

பிப்ரவரி: கவனித்தவை

2021 பிப்ரவரி 1 அதிகாலை ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2ஆம் தேதி முதல் தினமும் இரவு எட்டு மணிக்கு ஊரே தட்டு, சட்டி, பானை எடுத்துத் தட்டியது. பேய் விரட்டும் பர்மிய வழக்கம் அது. 6ஆம் தேதி ரங்கூனில் முதல் பெரிய ஊர்வலத்தில் முன்னால் போனவர்கள் தையல் பெண்கள். எங்கள் செயலாளரும் ஏறக்குறைய 150 பேரைக் கூட்டிக்கொண்டு போனார். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்பதைக் குறிப்பிட வேண்டும். சட்டப்படி நடப்பது அவருக்குப் பழக்கம்.

பயந்தோம், ஆனால் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பது தெரியவில்லை. ஊர்வலத்தில் துப்பாக்கியைப் பார்த்துப் பயந்தோம். உண்மையில் எங்களைத் தொட்டது அரசிதழில் வந்த மூன்று மாற்றங்கள். 13ஆம் தேதி, வீட்டில் இரவு தங்கும் விருந்தாளியை வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற பழைய விதி திரும்ப வந்தது. 2016இல் எடுத்துவிட்ட விதி அது. அதே நாளில், ஆணை இல்லாமல் வீட்டைச் சோதிக்கக் கூடாது என்ற பாதுகாப்பை நிறுத்திவைத்தார்கள். மறுநாள் தண்டனைச் சட்டத்தில் 505ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பயம் உண்டாக்கினாலோ பொய்ச் செய்தி பரப்பினாலோ மூன்றாண்டு வரை சிறை. இந்த மூன்றையும் படித்தபோது தனித்தனிச் செய்தியாகத்தான் படித்தோம். சேர்த்துப் படித்திருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

26ஆம் தேதி, தொழிலாளர் அமைச்சகம் 16 தொழிலாளர் அமைப்புகளைச் சட்டவிரோதமானவை என்று அறிவித்தது. எங்களுக்குப் பயிற்சி கொடுத்த அமைப்பும் அதில் இருந்தது.

முதல் முடிவு: ஏடு

மறுநாள் இரவு செயலாளர், பொருளாளர், நான் மூன்று பேரும் விடுதி அறையில் உட்கார்ந்தோம். பொருளாளர் ஐராவதி டெல்டாவிலிருந்து வந்த பர்மியப் பெண், வயது 26. இரவு எட்டு முதல் அதிகாலை நான்கு வரை ஊரடங்கு. ஆகவே நான் விடியும்வரை அங்கேயேதான் இருக்க வேண்டும்.

மூன்று வழி இருந்தது. ஏட்டைப் புதைக்கலாம். யாரிடமாவது கொடுத்து வைக்கலாம். எரிக்கலாம். புதைக்கலாம் என்றேன் நான். பொருளாளர், போட்டோ எடுத்து வெளிநாட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டு எரிக்கலாம் என்றார். அப்போது ராணுவம் தினமும் அதிகாலை ஒரு மணி முதல் ஒன்பது வரை இணையத்தை வெட்டிக்கொண்டிருந்தது. தெருவில் நிறுத்திப் போனைத் திறந்து பார்த்தார்கள். 412 பேரின் பக்கங்கள் அரை மணி நேரமாவது ஒருவர் போனில் இருந்தாக வேண்டும். செயலாளர் ஒரு கணக்குச் சொன்னார்: "96 பேர் ஏற்கெனவே அவன்கிட்ட இருக்காங்க. மிச்சம் 316 பேர் நம்மகிட்ட மட்டும்தான் இருக்காங்க. அவங்க நம்மகிட்டயும் இருக்கக் கூடாது." அதோடு பேச்சு முடிந்தது.

ஏடு எரிப்பது சுலபமில்லை. கரி அடுப்பில் ஒவ்வொரு தாளாகக் கிழித்துப் போட்டோம். ஐந்தாறு தாளைச் சேர்த்துப் போட்டால் ஓரம் கருகி நடு அப்படியே நிற்கும். தாள் புகை அறையைத் தாண்டி மாடிப்படிக்குப் போனது. ஒற்றர்களைத் 'தலான்' என்பார்கள். எந்தக் கதவுக்குப் பின்னால் தலான் இருக்கிறான் என்று தெரியாத நாட்கள் அவை. செயலாளர் எழுந்து இன்னொரு அடுப்பைப் பற்றவைத்து, எண்ணெயில் ஙப்பி என்ற புளித்த மீன் விழுதையும் காய்ந்த மிளகாயையும் போட்டார். ஙப்பி வாடை எழுந்தால் கட்டடத்தில் வேறெந்த வாசனையும் நிற்காது. பக்கத்து அறையிலிருந்து ஒரு பெண் கதவைத் தட்டி, "இந்நேரத்துக்கா?" என்று கேட்டாள். ஒரு கிண்ணத்தில் அள்ளிக் கொடுத்தனுப்பினோம். இரண்டு மணிக்கு முடிந்தது. சிவப்பு அட்டை எரியவே இல்லை. கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி, விடிந்ததும் கால்வாயில் போட்டோம்.

அன்று எங்களுக்குப் படாத ஒன்று: அந்த 316 பேரும் எந்த மாதம் வேலைக்குச் சேர்ந்தார்கள் என்பதற்குக் கம்பெனிக்கு வெளியே இருந்த ஒரே சான்றும் அந்த ஏடுதான். கணக்கு எழுதுகிறவன் நான், எனக்காவது பட்டிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறந்தோம். சங்கத்தின் பேஸ்புக் பக்கத்தில் 2019 மே தினப் படம் இருந்தது. நாற்பது முகங்கள், தலையில் சிவப்பு நாடா. ஏட்டை ராத்திரி முழுக்க எரித்த நாங்கள் அந்தப் படத்தை ஏப்ரல் வரை எடுக்கவில்லை. வந்து பார்த்தவர்கள் யார் யார் என்பது தெரியவும் வழியில்லை.

மார்ச் 14 முதல் 17 வரை

மார்ச் 14 அன்று லைங் தாயாவில் படையினர் சுட்டதில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்றே சில தொழிற்சாலைகள் எரிந்தன, அன்று மாலையே லைங் தாயாவிலும் பக்கத்து ஷ்வேபீதாவிலும் ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு அங்கே பிடிபட்டவர்களை ராணுவ நீதிமன்றம் விசாரிக்கும், வழக்கமான மேல்முறையீடு இல்லை. 15ஆம் தேதி மொபைல் இணையம் முழுவதும் நின்றது. அன்றும் அதற்கடுத்த நாட்களிலும் லாரி, முச்சக்கர வண்டி, கையில் கிடைத்த எதிலும் ஏறி ஆயிரக்கணக்கானவர்கள் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். அந்தக் கூட்டத்தில்தான் செயலாளரும் வெளியேறினார். கணவரும் மகளும் முந்தின வாரமே தன்லின் போய்விட்டார்கள்.

அவர் நேராக ஊருக்குப் போகவில்லை. சம்பளம் வாங்க வேண்டியிருந்தது. பிப்ரவரிச் சம்பளம் தயார், நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று அலுவலகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். 16ஆம் தேதி, லைங் தாயாவில் வேறொரு தொழிற்சாலையில் சம்பளத் தகராறின்போது படையினர் வரவழைக்கப்பட்டு, தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தச் செய்தி கேட்டதும் போக வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அந்தச் சம்பளம் அவருக்குக் கடைசிவரை வரவில்லை.

நகரத்தில் அத்தை வீடு

முதல் இரண்டு இரவுகள் நகர மையத்தில் தூரத்து அத்தை ஒருவரின் வீட்டில். காளியம்மன் கோயிலுக்கு நடந்து போகிற தூரம். ரங்கூன்காரர்களுக்குத் தெரியும்: குறுகலான ஐந்தாறு மாடிக் கட்டடம், ஒவ்வொரு மாடியிலிருந்தும் தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும், மேலே மணி கட்டியிருக்கும். கீழே கடைக்காரர் இழுத்தால் மேலே கூடை இறங்கும்.

அத்தை முதல் நாளே கேட்டார்: "வார்டுல எழுதணுமா, வேண்டாமா?" எழுதினால் பர்மியப் பெயரும் அட்டை எண்ணும் வார்டு அலுவலகத்துக்குப் போகும். எழுதாமல் பிடிபட்டால் அத்தைக்குத் தண்டனை, விருந்தாளிக்கு மறைந்திருந்த குற்றம். எழுத வேண்டாம், இரண்டு இரவுக்கு மேல் தங்கவும் வேண்டாம் என்று சொன்னோம். இதில் ஒரு தவறு உண்டு. அத்தையிடம் ஆபத்தின் முழு அளவையும் நாங்கள் சொல்லவில்லை. "தொழிற்சாலையில் தகராறு" என்று மட்டும் சொன்னோம். அவர் ஒத்துக்கொண்டது தெரியாததற்கு. தெரிந்திருந்தாலும் ஒத்துக்கொண்டிருப்பார் என்று பின்னால் சிரித்தார். ஆனால் அதைத் தீர்மானிக்கும் உரிமை அவருடையது.

இரண்டாவது இரவு பத்து மணிக்கு மணி அடித்தது. ஊரடங்கு நேரத்தில் கூடை இறக்கச் சொல்லி யாரும் இழுக்க மாட்டார்கள். கீழே வெற்றிலைக் கடைக்காரர் கடைக்குள்ளேயே படுப்பவர். தெருவில் வண்டி நின்றதைப் பார்த்து மூன்று மாடிக் கயிறுகளையும் இழுத்திருக்கிறார். யாரும் அவரிடம் சொல்லி வைக்கவில்லை. செயலாளர் பின்புறப் படி வழியாக இறங்கி, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே குப்பை விழும் சந்தில் விடியும்வரை நின்றார். சோதனை எதிர்ச் சாரியில் மூன்று வீட்டோடு முடிந்துவிட்டது.

காலையில் அவரைப் பார்த்தபோது கால் செருப்பு ஒன்றுதான் இருந்தது. முதலில் கேட்டது, அந்தக் கடைக்காரருக்கு என்ன கொடுக்கலாம் என்று. எதுவும் கொடுக்காதே, கொடுத்தால் ஞாபகம் வைத்துக்கொள்வார் என்றேன். இதுவரை என்னை உறுத்தும் பதில் அது.

பெகு பக்கம், ஏழு மாதம்

பிறகு பெகு பக்கம் ஒரு தமிழ்க் கிராமம். நெல், உளுந்து, ஒரு சிறிய முனீஸ்வரர் கோயில். அங்கே அவரை எல்லோரும் தமிழ்ப் பெயரால்தான் அறிவார்கள். பர்மியப் பெயர் ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்த ஒருசிலரிடம் நாங்கள் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டுக்கொண்டால் அதுவே செய்தியாகிவிடும்.

பழைய போனை விற்கவில்லை, உடைத்துப் போட்டோம். புதிய சிம் வேறொருவர் பெயரில். வைபர் குழுவிலிருந்து வெளியேறினால் 'வெளியேறினார்' என்று எல்லோருக்கும் காட்டும் என்பதால் குழுவையே கலைத்தோம். இந்த விஷயங்களில் அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. ஊருக்கு ஊர் மாறும், மாதத்துக்கு மாதமும் மாறும்.

ஜூனில் பொருளாளர் பிடிபட்டார். அவர் டெல்டாவில் பத்திரமாகத்தான் இருந்தார். நிலுவைச் சம்பளத்தை வாங்கத் தொழிற்சாலைக்குப் போனார். வாங்கினார். விடுதித் தோழியின் அறையில் தங்கினார். இரண்டாம் நாள் இரவு வந்து பிடித்தார்கள். தொழிற்சாலை சொல்லித்தான் வந்தார்கள் என்பதற்கு எங்களிடம் சான்று இல்லை. விருந்தாளிச் சோதனையில் தற்செயலாகச் சிக்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. 505ஏ பிரிவில் வழக்கு, இன்சேன் சிறைக்குள்ளேயே நீதிமன்றம், இரண்டாண்டு தண்டனை. விசாரணையில் உறுப்பினர் பட்டியல் எங்கே என்று நான்கு நாள் கேட்டதாகப் பின்னால் சொன்னார். எரித்துவிட்டோம் என்றிருக்கிறார். நம்பவில்லை. நான்காம் நாள்தான் நம்பினார்கள். சொல்வதற்கு அவரிடம் வேறெதுவும் இல்லாததுதான் காரணம் என்று அவரே சொன்னார். புதைத்திருந்தால் என்ற கேள்வியை நான் அதற்குப் பிறகு யாரிடமும் பேசவில்லை.

ஜூலையில் கொரோனா மூன்றாவது அலை. ஆக்சிஜன் சிலிண்டருக்காக வரிசையில் நின்றவர்களையும் விரட்டிய மாதம் அது. தன்லின் பக்கத்தில் செயலாளரின் அம்மா இறந்துபோனார். போக வேண்டாம் என்று நாங்கள் நான்கு பேரும் சொன்னோம். பெகுவிலிருந்து தன்லினுக்கு வழியில் நான்கு சோதனைச் சாவடி. அவர் எங்களிடம் வாதாடவில்லை. போனை வைத்துவிட்டு இரண்டு நாள் எடுக்கவில்லை. ஒரே மகள். கொள்ளி வைத்தது மருமகன்.

கருமாதி அன்று முன்பின் தெரியாத இருவர் கிராமத்துக்கு வந்து, பர்மியப் பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறார்கள். பந்தலில் இருந்த பெரியவர், "அப்படி ஒருத்தியும் எங்க ஊர்ல கிடையாது" என்றார். பொய் சொல்லவில்லை, அவருக்கு அந்தப் பெயர் உண்மையிலேயே தெரியாது. ஆகவே வேண்டாம் என்று சொன்னது சரிதான் என்று ஆய்வில் எழுதலாம். செயலாளர் இந்த இடத்தில்தான் ஒரு திருத்தம் சொன்னார்: "சரிதான்னு எழுது. ஆனா நான் ஒத்துக்கிட்டேன்னு எழுதாதே."

எல்லை

அக்டோபர் இறுதியில் பச்சை அட்டைப் பேச்சு மறுபடி வந்தது. கிராமத்தில் வீட்டுப் பட்டியல் சரிபார்ப்பு நடக்கப்போகிறது என்ற தகவல். இளஞ்சிவப்பு அட்டை என்றால் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். பச்சையைப் பார்த்தால் எங்கே பிறந்தாய், அப்பா எப்போது வந்தார் என்று பத்துக் கேள்வி வரும். நவம்பரில் அவர் பா-ஆன் வழியாக மியாவடி போய், மோய் ஆற்றைத் தாண்டித் தாய்லாந்தின் மே சோட்டில் சேர்ந்தார். எப்படி என்பதை எழுதவில்லை. மகள் 2023இல்தான் வந்து சேர்ந்தாள். கணவர் இன்னும் பர்மாவில்தான், லாரிப் பட்டறையில்.

தொழிற்சாலை மூடியபோது

2022 ஆகஸ்டில் கம்பெனி மூடுவதாக அறிவித்தது. சட்டப்படி வேலை செய்த ஆண்டுகளைப் பொறுத்து இழப்பீடு. இரண்டிலிருந்து மூன்று ஆண்டு என்றால் ஒன்றரை மாதச் சம்பளம். ஆறிலிருந்து எட்டு ஆண்டு என்றால் ஐந்து மாதம். கம்பெனி காட்டிய பட்டியலில் எல்லோரும் 2020 ஏப்ரலில் சேர்ந்தவர்கள். அந்த மாதம் கொரோனாவுக்காகச் சில வாரம் மூடித் திறந்தபோது புது ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஒப்பந்தப் பிரதியைத் தொழிலாளிக்குக் கொடுக்கும் வழக்கம் கிடையாது.

2016இல் சேர்ந்த ஒரு தையல்காரிக்குக் கணக்கு இப்படி: மாதம் 1,44,000 கியாட். ஐந்து மாதம் என்றால் 7,20,000. கொடுத்தது 2,16,000. ஆட்சிக் கவிழ்ப்புக்கு முன் டாலர் சுமார் 1,330 கியாட், கம்பெனி மூடியபோது அரசு விலையே 2,100. அரிசியும் எண்ணெயும் அதைவிட வேகமாக ஏறியிருந்தன.

ஜாக்கெட் வாங்கிய ஐரோப்பியக் கம்பெனிக்கு எழுதினோம். மரியாதையாகப் பதில் வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் பட்டியல், சேர்ந்த தேதி, சான்று அனுப்புங்கள் என்றார்கள். ஏடு இருந்திருந்தால் ஒரு வாரத்தில் அனுப்பியிருப்போம். செயலாளர் மே சோட்டிலிருந்து, நான் அப்போது இருந்த ஊரிலிருந்து, தெரிந்த எண்களையெல்லாம் கூப்பிட்டுக் கேட்டோம். 23 பெண்களிடம் 2017, 2018 சம்பளச் சீட்டுகள் இருந்தன. ஒருத்தி பிஸ்கட் டின்னில் வைத்திருந்தாள். ஒருத்தி புத்தர் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள், சாமி பார்த்துக்கொள்ளும் என்று. அந்த 23 பேருக்கும் மறுகணக்குப் போட்டு மீதி வந்தது. மற்றவர்களுக்கு வரவில்லை.

இதே காலத்தில்தான் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் மியான்மர் குறித்து விசாரணை ஆணையம் அமைத்திருந்தது, 2022 மார்ச்சில். அறிக்கை 2023 அக்டோபரில் வந்தது. 2025 ஜூனில் அந்த நிறுவனம், ஆணையம் சொன்னதைச் செய்யாத நாட்டின்மேல் நடவடிக்கை எடுக்க இடம்தரும் தன் சாசனத்தின் 33ஆம் பிரிவையே பயன்படுத்தியது. அதன் வரலாற்றில் அது மூன்றாவது முறைதான், முதல் முறையும் இதே நாட்டுக்காகத்தான். அறிக்கை தேவை, சந்தேகமில்லை. ஆனால் 7,20,000க்கும் 2,16,000க்கும் இடையே இருந்த பள்ளத்தில் எங்களுக்கு உதவியது பிஸ்கட் டின்தான்.

மறுபடி செய்தால்

ஏட்டை மறுபடியும் எரிப்போம். அதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஏட்டை அப்படி உருவாக்கியிருக்க மாட்டேன். யார் உறுப்பினர் என்பதும் யார் எப்போது வேலைக்குச் சேர்ந்தார் என்பதும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியம் என்ன? சம்பளச் சீட்டு வைத்திருப்பது எந்த ஆட்சியிலும் குற்றமில்லை. சந்தா வாங்கிய நான்கு ஆண்டும், "சீட்டைத் தூக்கிப் போடாதே, ஊரில் அம்மா வீட்டில் கொண்டுபோய் வை" என்று மாதம் ஒருமுறை சொல்லியிருந்தால் போதும். ஒப்பந்தப் பிரதி கேட்டு 2020இலேயே சண்டை போட்டிருக்கலாம். அப்போது சங்கத்துக்குப் பலம் இருந்தது. கூலி உயர்வுக்கே அதைச் செலவழித்தோம்.

அடைக்கலம் கொடுப்பவரிடம் முழு உண்மையையும் சொல்லியிருப்போம். பேஸ்புக் பக்கத்தை ஏட்டுக்கு முன்னால் எடுத்திருப்போம். பிடித்துவைத்த சம்பளத்தை வாங்க நேரில் போகக் கூடாது என்பதை எல்லோருக்கும் கட்டாயமாக்கி, அந்தத் தொகையை நாங்களே திரட்டிக் கொடுத்திருப்போம். பொருளாளர் போனது 1,30,000 கியாட்டுக்காக. நால்வரும் பிரித்துப் போட்டிருந்தால் பெரிய தொகை இல்லை. அவர் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வெற்றிலைக் கடைக்காரரைப் பற்றி என்ன செய்திருக்கலாம் என்று இன்னும் தெரியவில்லை.

இப்போது

பொருளாளர் 2022 நவம்பர் 17 பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். அன்று 5,774 பேரை விட்டதாக அறிவித்தார்கள். கண் பார்வை கொஞ்சம் மங்கிவிட்டது, ஊசியில் நூல் கோக்கச் சிரமப்படுகிறார். செயலாளர் மே சோட்டில் ஒரு சிறிய பட்டறையில் பீஸ் கணக்கில் தைக்கிறார். அட்டை காலாவதி. புதுப்பிக்க வழியில்லை.

2023 தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு இருவரும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் இணைப்பில் இருந்தேன். பேச்சுவாக்கில் பொருளாளர், ஏழாம் லைனில் முதல் மெஷின் யார் என்று கேட்டார். செயலாளர் சொன்னார். இரண்டாவது மெஷின்? சொன்னார். ஓவர்லாக்கில் உட்கார்ந்த குட்டைப் பெண்? அவள் பெயரைச் சொன்னவர் பொருளாளர். இப்படியே லைன் லைனாகப் போனார்கள். இஸ்திரிப் பகுதிவரை வந்தபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. நான் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். 281 பேர் வந்தார்கள். பேனா என் முன்னால்தான் இருந்தது, எடுக்கவில்லை.